நீண்ட விமானப் பயணத்துக்கு எக்கானமி இருக்கையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? சிங்கப்பூரிலிருந்து கிளம்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

இருக்கை வரைபடத்தைத் திறந்ததும், முன்பக்கமாகக் காலியாக இருக்கும் ஜன்னல் இருக்கையைத் தட்டிவிடுகிறார்கள். புதிதாக நீண்ட பயணம் போகிற பெரும்பாலானோர் இப்படித்தான். யாருக்கான இருக்கை, எந்த விமானம், பகலா இரவா என்பதெல்லாம் பணம் கட்டிய பிறகுதான் நினைவுக்கு வருகிறது. முதலில் ஆள், அடுத்து விமானம், அடுத்து வரிசைக்குள் இடம், கடைசியில்தான் இருக்கை எண்ணும் பணமும். இந்த வரிசையில் போனால் பெரும்பாலான ஏமாற்றங்கள் வராது.

சென்னைக்கு 4 மணி நேரம்தான். எங்கே உட்கார்ந்தாலும் சமாளித்துவிடலாம். சிட்னிக்கு 8 மணி நேரம் ஆகும், லண்டனுக்கு ஏறக்குறைய 14, சான் பிரான்சிஸ்கோவுக்கு 15ஐ ஒட்டி. இங்கே சொல்வதெல்லாம் அப்படிப்பட்ட பயணங்களுக்கு.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்த புக்கிங் குறியீடு, விமான எண், டிக்கெட்டின் வகை, பயணிகளின் பெயர் டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் விதம். இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. விமான நிறுவனத்தின் இணையதளம் குறியீட்டோடு குடும்பப் பெயரையும் கேட்கும். நம்மில் பலருக்கு அப்படி ஒரு பெயரே கிடையாது. எஸ்/ஓ, டி/ஓ போட்ட பெயரில் ஏஜென்ட் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்தாரா, சொந்தப் பெயரையா, இரண்டையும் ஒட்டிப் போட்டாரா என்று டிக்கெட்டைப் பார்த்தால்தான் தெரியும். 'உங்கள் பதிவு கிடைக்கவில்லை' என்று திரை சொன்னால் பதற வேண்டாம். டிக்கெட்டில் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை அப்படியே போட்டுப் பாருங்கள்.

அடுத்தது, விமானத்தை உண்மையில் ஓட்டுவது யார் என்று பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் எண்ணில் டிக்கெட் வாங்கியிருப்பீர்கள், பறப்பதோ கூட்டாளி நிறுவனத்தின் விமானம். அப்படியானால் இருக்கையைப் பெரும்பாலும் ஓட்டும் நிறுவனத்தின் தளத்தில்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அங்கே உங்களுக்கு வேறொரு குறியீடும் இருக்கும். தேக்கா பக்கம் ஏஜென்டிடம் டிக்கெட் எடுத்தாலும் சரி, இணையத்தில் எடுத்தாலும் சரி, அந்த இரண்டாவது குறியீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் ஒரு நிறுத்தம் இருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக இருக்கை போட வேண்டும், விமான எண் மாறாவிட்டாலும்கூட. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக நியூயார்க் போகிறவர்கள் முதல் பகுதிக்கு மட்டும் போட்டுவிட்டு, இரண்டாவதில் நடு இருக்கையில் மாட்டிக்கொள்வது வழக்கமாக நடக்கிறது.

2. யாருக்கு இந்த இருக்கை?

எல்லாருக்கும் பொதுவான நல்ல இருக்கை என்று ஒன்று இல்லை. போகிறவரைப் பற்றி மூன்று கேள்விகள் கேளுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்திருப்பார்? உட்கார்ந்தபடி தூங்கக்கூடியவரா? கால் முட்டி எப்படி?

அறுபதைத் தாண்டிய பெற்றோருக்கு அன்பினால் ஜன்னல் இருக்கை போட்டுக் கொடுக்கும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். முதல் அரை மணி நேரம் மேகம் தெரியும், அவ்வளவுதான். அப்புறம் பதின்மூன்று மணி நேரம், தூங்குகிற இரண்டு பேரை எழுப்பச் சங்கடப்பட்டு, தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு இது பெரிய அவதி. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயமும் கூடுகிறது. எழுந்து நடப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாத இடம், அதாவது நடைபாதை ஓர இருக்கைதான் அவர்களுக்கு ஏற்றது.

ஜன்னல் இருக்கை, சாய்ந்ததும் தூங்கிவிடுகிறவருக்கு. தலை வைக்கச் சுவர் இருக்கும், யாரும் எழுப்பவும் மாட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் அதுதான் நல்லது. நடைபாதை ஓரத்தில் உட்காரும் பிள்ளையின் கையும் காலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உணவு வண்டி இடித்துவிடும்.

3. எந்த விமானம் என்று கண்டுபிடியுங்கள்

டிக்கெட் விவரத்தில் விமானத்தின் வகை எழுதியிருக்கும். அதிலிருந்து ஒரு வரிசையில் எத்தனை பேர், எப்படிப் பிரிந்து உட்காருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஏர்பஸ் ஏ350, போயிங் 787 இரண்டிலும் பெரும்பாலும் 3-3-3, அதாவது மும்மூன்று இருக்கைகளாக மூன்று தொகுதி, இடையில் இரண்டு நடைபாதை. பெயருக்கு ஒரே அமைப்பு என்றாலும் 787இன் உடல் குறுகலானது, அதனால் இருக்கையும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். தோள் அகலமானவர்களுக்கு அந்தச் சின்ன வித்தியாசம் நன்றாகவே தெரியும். ஏ330இல் வழக்கமாக 2-4-2. இருவராகப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியானது எக்கானமியில் இல்லை. ஜன்னல் பக்கம் இரண்டே இருக்கைகள், மூன்றாவது ஆள் கிடையாது. ஏ380இன் கீழ்த்தளத்தில் 3-4-3.

கவனமாகப் பார்க்க வேண்டியது போயிங் 777ஐ. அதே உடலுக்குள் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வரிசைக்கு 9 இருக்கை வைக்கிறது, எமிரேட்ஸ் 10 வைக்கிறது. 777 என்று மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நிறுவனத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இன்னொன்று. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க்குக்கு நிற்காமல் ஓட்டும், மிக நீண்ட தூரம் பறக்கக்கூடிய ஏ350 யுஎல்ஆர் விமானத்தில் எக்கானமி வகுப்பே இல்லை. பிசினஸும் பிரீமியம் எக்கானமியும் மட்டும்தான். எக்கானமியில் நியூயார்க் போக வேண்டுமானால் ஃபிராங்க்ஃபர்ட் போல ஏதாவது ஒரு வழியாகத்தான் போக முடியும்.

4. உங்களைத் தாண்டிப் போகிறவர்களை எண்ணுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானியுங்கள். எந்த இருக்கையைப் பார்த்தாலும் இரண்டு எண்களை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நான் எழுந்திருக்க எத்தனை பேரை எழுப்ப வேண்டும்? அவர்கள் எழுந்திருக்க என்னை எத்தனை பேர் எழுப்புவார்கள்?

3-4-3 அமைப்பில் ஜன்னல் பக்கத்துத் தொகுதியின் நடைபாதை ஓரம் என்றால் நீங்கள் யாரையும் எழுப்ப வேண்டாம், ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு பேரும் உங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நடுவில் உள்ள நால்வர் தொகுதியின் ஓரம் என்றால் உங்களைத் தாண்டுகிறவர் ஒரே ஆள். மற்றவர் அந்தப் பக்கமாக இறங்கிவிடுவார். இரண்டுமே நடைபாதை ஓரம்தான். ஆனால் இரவுப் பயணத்தில் இரண்டாவது இடத்தில் தூக்கம் கலைவது பாதியாகக் குறையும். 3-3-3இல் நடுத் தொகுதி இன்னும் நல்லது. நடுவில் இருப்பவர் எந்தப் பக்கமும் இறங்கலாம், சில நேரம் உங்களைத் தாண்டவே மாட்டார். தனியாகப் போகிற, நடைபாதை ஓரம் வேண்டுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது நடுத் தொகுதியின் ஓரத்தைத்தான்.

தம்பதியாகப் போகிறவர்கள் மூன்று இருக்கைத் தொகுதியில் ஜன்னலையும் ஓரத்தையும் எடுத்துக்கொண்டு நடுவைக் காலியாக விடும் உத்தி பலருக்குத் தெரியும். தனி ஆள் யாரும் விரும்பி நடுவில் வந்து உட்கார மாட்டார் என்ற கணக்கு. விமானம் காலியாக இருக்கும் மாதங்களில் இது பலிக்கும். ஜூன் பள்ளி விடுமுறையிலும் நவம்பர், டிசம்பரிலும் பலிக்காது. அப்போது நடுவில் வந்தவரிடம் ஓரத்தையோ ஜன்னலையோ கொடுத்துவிட்டுச் சேர்ந்து உட்காரலாம், யாரும் மறுக்க மாட்டார்கள். கையில் பிள்ளை இருந்தால் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம். பக்கத்துப் பக்கத்து இருக்கைகளையே எடுங்கள்.

நால்வராகப் போகும் குடும்பம் 3-4-3இல் நடுத் தொகுதி முழுவதையும் எடுத்துவிட்டால் வெளியாள் யாரும் இல்லை. 3-3-3இல் மூன்று பேர் ஒரு தொகுதியிலும், நான்காமவர் அதே வரிசையில் நடைபாதைக்கு அந்தப் பக்கத்து ஓரத்திலும். ஒருவருக்குப் பின் ஒருவராக இரண்டு வரிசையில் பிரிந்தாலும் கெடுதல் இல்லை. முன்னால் உள்ள பிள்ளையின் இருக்கையைப் பின்னால் உள்ள பிள்ளை உதைத்தால் அது வீட்டுக்குள் முடிந்துவிடும்.

எழுத்துகளில் ஒரு சின்னக் குழப்பம் வரும். பெரிய விமானங்களில் இடக்கோடி ஜன்னல் ஏ, வலக்கோடி பெரும்பாலும் கே. இடையில் ஐ என்ற எழுத்து வராது, 1 என்ற எண்ணோடு குழம்பும் என்று விட்டுவிடுகிறார்கள். எழுத்தை வைத்து ஊகிக்காமல் வரைபடத்தைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

5. முன்னா, நடுவா, பின்னா?

முன்பகுதிக்கு நிறுவனங்கள் கூடுதல் பணம் கேட்கின்றன. அதன் பலன் இரண்டு: சீக்கிரம் இறங்கலாம், உணவைத் தேர்வு செய்ய முடியும். அடுத்த விமானத்துக்கு நேரம் நெருக்கடியாக இருந்தால் கொடுக்கலாம். சாங்கியில் வந்து இறங்கும் திரும்பும் பயணத்தில் அந்தப் பத்து நிமிடம் பெரும்பாலும் பெட்டிக்காகக் காத்திருப்பதிலேயே போய்விடும், அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

விமானம் குலுங்கினால் வயிறு கலங்குகிறவர்கள் இறக்கைக்கு மேல் உள்ள வரிசைகளைத் தேடுங்கள். ஈர்ப்பு மையத்துக்கு அருகில் ஆட்டம் குறைவு, வால் பகுதியில் அதிகம். இறக்கைக்கு மேல் வெளிக்காட்சி கிடைக்காது.

பின்பகுதியை எல்லாரும் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விமானம் நிரம்பாத நாளில் காலி இருக்கைகள் பின்னால்தான் மிஞ்சும். உடல் குறுகும் இடத்தில் சில விமானங்களில் ஜன்னல் பக்கம் மூன்றுக்குப் பதில் இரண்டு இருக்கைகளே இருக்கும், சுவருக்கும் இருக்கைக்கும் நடுவில் பை வைக்க இடைவெளியும் கிடைக்கும். தவிர்க்க வேண்டியது கடைசி வரிசை ஒன்றை. அங்கே சில விமானங்களில் இருக்கை சாயாது, கழிப்பறை வரிசை தோளை உரசிக்கொண்டு நிற்கும், சமையல் பகுதியின் வெளிச்சமும் தட்டுச் சத்தமும் விடாது. கழிப்பறை அருகில் வேண்டும் என்கிற பெரியவர்களுக்குக்கூட நான்கைந்து வரிசை தள்ளியே எடுங்கள்.

பகல் பயணத்தில் வெயில் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். லண்டனிலிருந்து காலையில் கிளம்பினால் விமானம் தென்கிழக்காக வரும், சூரியன் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். தூங்க நினைப்பவர் இடப்பக்கம் எடுக்கலாம். 787இல் இழுத்து மூடும் திரை இல்லை. கண்ணாடியே கருத்துப்போகும், அதைப் பணியாளர்களும் கட்டுப்படுத்துவார்கள்.

6. கால் நீட்ட இடமுள்ள இருக்கைகளில் மறைந்திருப்பவை

அவசர வழி வரிசையில் முன்னால் யாரும் இல்லை என்பது உண்மைதான். அங்கே உட்கார்ந்தால் என்னென்ன கிடைக்காது என்பதைக் காசு கட்டும் முன் தெரிந்துகொள்ளுங்கள். சாப்பாட்டு மேசையும் திரையும் கைப்பிடிக்குள் மடித்து வைக்கப்பட்டிருப்பதால் கைப்பிடி தூக்க வராது, இருக்கையின் அகலமும் குறையும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எந்தப் பையும் தரையில் இருக்கக் கூடாது. கைப்பை, மாத்திரை எல்லாம் மேலே போய்விடும். கதவை ஒட்டிய ஜன்னல் இருக்கையில் கால் வைக்கும் இடத்திலேயே கதவின் புடைப்பு துருத்திக்கொண்டிருக்கும், உள்ளே அவசரச் சறுக்கு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கதவோரம் குளிரும் அதிகம். காலுறை இல்லாமல் அங்கே உட்கார முடியாது.

எல்லாருக்கும் கொடுக்கவும் மாட்டார்கள். பிள்ளைகள், கர்ப்பிணிகள், கைக்குழந்தையோடு வருபவர், சக்கர நாற்காலி கேட்டவர் யாரும் அங்கே உட்கார முடியாது. அவசரத்தில் கதவைத் திறக்க உதவக்கூடியவர், சொல்வதைப் புரிந்து செய்யக்கூடியவர் வேண்டும். அம்மாவுக்குக் கால் நீட்ட வசதி என்று இந்த வரிசையை வாங்கிவிட்டு, சக்கர நாற்காலிக்கும் பதிந்தால் விமான நிலையத்தில் இடம் மாற்றிவிடுவார்கள். இரண்டில் ஒன்றுதான் முடியும். முட்டி வலி உள்ள பெரியவருக்கு நான் சக்கர நாற்காலியைத்தான் சொல்வேன். குறைந்தது 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டு, சாதாரண ஓர இருக்கையை எடுங்கள்.

7. கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கு

தொட்டில் மாட்டும் இடம் தடுப்புச் சுவருக்கு நேர் எதிரே உள்ள வரிசையில் மட்டும் இருக்கிறது, எண்ணிக்கையும் குறைவு. டிக்கெட் எடுத்த அன்றே தொலைபேசியில் கேட்டுப் பதியுங்கள். குழந்தையின் எடைக்கும் வயதுக்கும் வரம்பு உண்டு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பயண நாளில் குழந்தை எத்தனை கிலோ இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள்.

விமானம் குலுங்கி, இருக்கைப் பட்டை விளக்கு எரிந்தால் தூங்குகிற குழந்தையையும் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் வைக்க வேண்டும். இது தெரியாமல் போகிறவர்கள் நள்ளிரவில் மனம் நொந்துபோகிறார்கள்.

அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு ஒன்றாகப் போகும்போது ஒரே மூன்று இருக்கைத் தொகுதியைக் கேட்பார்கள். கிடைக்காது. பொதுவாக ஒரு தொகுதிக்கு மேல் ஆக்சிஜன் முகமூடி ஒன்றுதான் கூடுதலாக இருக்கும், ஆகவே தொகுதிக்கு ஒரு கைக்குழந்தை. நடைபாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கேளுங்கள்.

8. எண்ணைச் சரிபாருங்கள்

இப்போது இரண்டு மூன்று எண்கள் மனதில் இருக்கும். விமான நிறுவனத்தின் வரைபடத்தில் எல்லாக் கட்டமும் ஒரே மாதிரிதான் தெரியும். ஏரோலோப்பா தளத்தில் உங்கள் நிறுவனம், உங்கள் விமான வகையைத் தேடி, அளவுக்கேற்ப வரைந்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஜன்னல் இருக்கைக்கு நேராக ஜன்னல் உண்டா, வெறும் சுவரா என்று அதில் தெரியும். பழைய தளங்களின் வரைபடங்களை நம்பாதீர்கள். விமானங்களின் உட்புறத்தை மாற்றி அமைத்த பிறகும் சில தளங்களில் பழைய படமே கிடக்கிறது.

சில விமானங்களில் முன் இருக்கைக்கு அடியில் திரைக்கான ஓர் உலோகப் பெட்டி இருக்கும். ஒரு காலை நீட்டலாம், இன்னொன்று பெட்டியில் முட்டும். பயணிகளின் விமர்சனங்களில் இருக்கை எண்ணைப் போட்டுத் தேடினால் இந்தக் குறை தெரிந்துவிடும்.

9. பணம் கட்டுவதா, காத்திருப்பதா?

மலிவான டிக்கெட் வகைகளில் முன்கூட்டியே இருக்கை எடுக்கப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. செக்-இன் திறந்ததும் மீதமுள்ள சாதாரண இருக்கைகளைப் பல நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் செக்-இன் 48 மணி நேரம் முன்னதாகத் திறக்கும், வேறு பலவற்றில் 24.

பெரியவர்கள், பிள்ளைகள், சேர்ந்து உட்கார வேண்டியவர்கள் இருந்தால் காத்திருக்காமல் கட்டிவிடுங்கள். சில பத்து வெள்ளி மிச்சப்படுத்தி, பதினான்கு மணி நேரம் பிரிந்து உட்காருவதில் லாபம் இல்லை. தனியாகப் போகிற இளையவர் காத்திருக்கலாம். ஆனால் செக்-இன் திறக்கும் நிமிடத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடித்து வந்து பார்த்தால் நடு இருக்கைதான் மிஞ்சியிருக்கும்.

வரைபடத்தில் நிரம்பியதாகத் தெரியும் எல்லா இடத்திலும் ஆள் இருப்பதில்லை. சிலவற்றை நிறுவனமே பிடித்து வைத்திருக்கும், கடைசி நாளில் விடும்.

10. கிளம்பும் வரை கவனித்துக்கொண்டே இருங்கள்

நிறுவனம் விமானத்தை மாற்றினால் உங்கள் இருக்கை எண்ணும் தானாக மாறிவிடலாம், அறிவிப்பு வராமலும் போகலாம். கட்டணம் கட்டியதும் ரசீதையும் வரைபடத்தையும் படம் பிடித்து வையுங்கள். மாதம் ஒரு முறையும் கடைசி வாரத்தில் ஒரு முறையும் உள்ளே போய்ப் பாருங்கள். மாறியிருந்தால் உடனே கூப்பிடுங்கள், அப்போதுதான் நல்ல இடம் மிச்சம் இருக்கும். குடும்பம் இரண்டு தனித்தனிப் பதிவில் இருந்தால் இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இப்படி மாறும்போது ஆளுக்கொரு பக்கம் போய்விடுவீர்கள்.

சாங்கியின் 1, 2, 3 ஆம் முனையங்களில் பாதுகாப்புச் சோதனை விமான வாயிலிலேயே நடக்கிறது, ஊழியர்களும் அங்கேதான் இருப்பார்கள். இடம் மாற்றிக் கேட்க வேண்டுமானால் வாயில் திறந்ததும் போங்கள். ஏற்றத் தொடங்கிய பிறகு அவர்களுக்கு நேரம் இருக்காது.

11. ஏறிய பிறகு

நடைபாதை ஓரக் கைப்பிடி தூக்க வராது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பல விமானங்களில் அதன் அடியில், பின்பக்க மூட்டுக்கு அருகில், விரலால் தடவினால் ஒரு சின்னப் பொத்தானோ நெம்புகோலோ தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்கினால் கைப்பிடி மேலே போய்விடும். இடுப்பு வலி உள்ளவர் எழுந்திருக்க இது பெரிய உதவி. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் கீழே விட்டுவிட வேண்டும்.

பின்வரிசைகளில் உணவுத் தேர்வு தீர்ந்துபோவது உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகச் சிறப்பு உணவாகப் பதிந்துவிட்டால் எங்கே உட்கார்ந்தாலும் கவலை இல்லை, பெரும்பாலும் மற்றவர்களுக்கு முன்பே வந்துவிடும். அந்தத் தட்டு உங்கள் இருக்கை எண்ணைத் தேடித்தான் வரும். யாருக்காவது இடம் மாற்றிக் கொடுத்தால் பணியாளரைக் கூப்பிட்டுப் பழைய எண், புதிய எண் இரண்டையும் சொல்லிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் இதை ஒரு துண்டுத் தாளில் எழுதி, போர்டிங் பாஸோடு சேர்த்துக் கொடுத்து அனுப்புங்கள்.